ஒரு மேக்ரோ, ரெண்டு ப்ராக்கெட், ஒரு மன்னிப்பு

சாரத்துல என் ரூம்ல இருந்து பேசுறேன். நடுவுல காமராஜர் சாலை ஹார்ன் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு அசெம்ப்ளி. ஒரு கணக்குக்குள்ள, அதாவது எக்ஸ்பிரஷனுக்குள்ள, மேக்ரோவைப் போட்டா என்ன ஆகும்? இது தெரிஞ்ச மாதிரி நினைச்சுக்கிட்டு நான் ஒரு நண்பனைத் திட்டின கதை இது.

ஐஐடி மெட்ராஸ்ல உருவான சக்தி ப்ராசசர் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. ரிஸ்க்-ஃபைவ் அடிப்படை, ஓப்பன் சோர்ஸ். 2018-ல அந்தக் குடும்பத்தோட ரிமோ சிப் இந்தியாவிலேயே, எஸ்சிஎல் ஃபேப்ல, 180 நானோமீட்டர்ல தயாராச்சு. நானும் என் நண்பனும் ஒரு எஃப்பிஜிஏ போர்டுல சக்தியை ஏத்தி சென்சார் டேட்டா படிச்சிட்டு இருந்தோம். வயரிங் அவன், அசெம்ப்ளி நான்.

ஒரு பாக்கெட்டுக்கு ஹெட்டர் 4 பைட், டேட்டா 8 பைட். மொத்தம் 16 பாக்கெட்டுக்கு இடம் வேணும். 12 பதினாறு 192, சிம்பிள். முதல்ல குனு அசெம்ப்ளரோட 'டாட் மேக்ரோ'வை கணக்குக்குள்ள போட்டேன். எரர். ஏன்னா அது முழு முழு வரிகளா விரியுற சாமான். ஒரு வரிக்கு நடுவுல மதிப்பா உட்காராது. சரின்னு சி ப்ரீப்ராசசரோட 'ஹேஷ் டிஃபைன்'ல 'பாக்கெட்'டுன்னா 4+8 அப்படின்னு எழுதி, 'பாக்கெட்*16' பைட் ஒதுக்கினேன். எரர் இல்ல. சந்தோஷம்.

ஓட்டினா 11 பாக்கெட் வரைக்கும் சரியா வருது. 12-வது வந்ததும் போர்டு ஹேங். "மச்சி, உன் வயர் லூஸ்டா"ன்னு அவனைப் போட்டு வறுத்தெடுத்தேன். பாவம், ரெண்டு ராத்திரி உட்கார்ந்து எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி சால்டர் பண்ணினான்.

மூணாவது நாள் சிம்பல் டேபிளைப் பார்த்தேன். பஃபர் 192 இல்ல, 132 பைட்!

டீக்கடையில "ஒரு டீ, ஒரு போண்டா, நாலு"ன்னு சொன்னா என்ன வரும்? நாம நாலு செட்டுன்னு நினைப்போம். மாஸ்டர் ஒரு டீயும் நாலு போண்டாவும் வைப்பார். மேக்ரோவும் அப்படித்தான். அது எண் இல்ல, எழுத்து. அசெம்ப்ளருக்குப் போனது 4+8*16. பெருக்கல் முதல்ல, அதனால 4+128. அந்த 132-ல சரியா 11 பாக்கெட்தான் அடங்கும். 12-வது, பக்கத்துல இருந்த கவுன்ட்டர் மேல ஏறி உட்கார்ந்துடுச்சு.

தீர்வு ரெண்டு. ஒண்ணு, டிஃபைன்லயே (4+8)னு ப்ராக்கெட் போடுங்க. மேக்ரோ ஆர்கியுமென்ட் வாங்கினா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா போடுங்க. ரெண்டு, மேக்ரோவே வேணாம். குனுல 'டாட் செட்', நாஸம்ல 'அசைன்'. இவை அங்கேயே கணக்குப் போட்டு 12-னு எண்ணா வச்சுக்கும்.

காலேஜ் லேப்ல பார்த்த மாஸம்ல 'எக்சிட்எம்' மூலமா மேக்ரோ ஒரு மதிப்பைத் திருப்பித் தரும், அதை எக்ஸ்பிரஷன்ல நேரடியா போடலாம். ஆனா அங்கேயும் திரும்பி வர்றது எழுத்துதான். ப்ராக்கெட் கட்டாயம்.

அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல மச்சி, இனிமே வயரைத் தொடுறதுக்கு முன்னாடி உன் கோடைத் தொடு"ன்னான்.

நீங்களும் இன்னைக்கு உங்க டிஃபைன் எல்லாத்தையும் ஒரு தடவை தேடிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.