இரு நகரும் ஐந்து அணியும்



கோவைக்கும் மேட்டுப்பாளையத்திற்கும் இடையே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவு. 1873இல் இருப்புப்பாதை இவ்விரு ஊர்களையும் இணைத்தது. அன்று தொட்டு, "எவ்வூரில் குறைந்த செலவில் நிறைவாக வாழலாம்?" என்னும் வினா இப்பாதையோரத்து இல்லங்களில் எழுந்தவண்ணம் உள்ளது.

வாடகையை மட்டும் கணக்கிட்டால் மேட்டுப்பாளையமே வெல்லும். ஆனால் வள்ளுவர், 'நாடு' என்னும் அதிகாரத்தில், நோயின்மை, செல்வம், விளைச்சல், இன்பம், பாதுகாப்பு ஆகிய ஐந்தையும் நாட்டிற்கு அணி என்கிறார். செல்வம் அவ்வைந்தனுள் ஒன்றே என்பது நோக்கத்தக்கது. இவ்வளவுகோல் ஊருக்கும் பொருந்தும்.

விளைச்சலில் மேட்டுப்பாளையம் முந்துகிறது. நீலகிரியின் உருளைக்கிழங்கு இங்குள்ள மண்டிகளுக்கு வந்தே வெளியூர்களுக்குச் செல்கிறது. சிறுவாணியோடு, பில்லூர் அணையில் தேங்கும் பவானி நீரும் கோவையின் தாகம் தீர்க்கிறது. பெருநகரின் வாழ்வு சிற்றூரின் ஆற்றையும் சார்ந்திருக்கிறது.

செல்வத்தில் கோவை முந்துகிறது. நூற்பாலைகளும் பவுண்டரிகளும் பம்புசெட்டுத் தொழிலும் அங்கே வேலை தருகின்றன. கூலி மிகுதி, வாடகையும் மிகுதி. ஆகவே பலர் இங்கே குடியிருந்து, இரயிலிலும் பேருந்திலும் அங்கே சென்று உழைக்கின்றனர். வாடகையில் மிஞ்சும் பணத்திற்கு ஈடாக நாள்தோறும் சில மணிநேரம் வழியிலேயே கழிகிறது. வேலைக்குச் செல்லும் பெண் அந்நேரத்தைத் தன் உறக்கத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கிறாள். எந்தக் குடும்பக் கணக்கேட்டிலும் அச்செலவு ஏறுவதில்லை.

நோயின்மைக்கு மலைக்காற்று துணை செய்யும். எனினும் நோய் முற்றினால் உயர் சிகிச்சைக்குக் கோவையையே நாட வேண்டியுள்ளது. இன்பத்திற்கோ, பவானிக் கரையும் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலும் காசு கேட்பதில்லை.

எஞ்சியது பாதுகாப்பு. 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில், கனமழையில் நனைந்த உயர்ந்த சுற்றுச்சுவர் ஒன்று மேட்டுப்பாளையம் நடூரில் எளியோரின் வீடுகள்மேல் சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். அவ்வீடுகளில் வாழ்க்கைச் செலவு குறைவுதான். ஆயினும் அதனை வாழ்க்கைத்தரம் என எவரும் கூறத் துணியார். கோவையிலும் நெருக்கடியான குடியிருப்புகளும் ஓடையோரக் குடிசைகளும் உண்டு. எனவே இது இரு ஊர்களுக்கும் உரிய பாடம்.

விலை குறைந்த ஊர் எது எனத் தேடுமுன், அக்குறைவை யார் ஈடுகட்டுகின்றனர் என வினவுதல் வேண்டும். கோவையின் கூலியும் மருத்துவமும் மேட்டுப்பாளையத்தாருக்கு எட்ட வேண்டும். மேட்டுப்பாளையத்தின் ஆற்றைக் கோவை தன் ஆறாகக் காக்க வேண்டும். மழை இரவில் ஏழையின் கூரை அச்சமின்றி நிற்க வேண்டும். அந்நாளிலேதான் ஐந்து அணிகளும் இரு நகரங்களுக்கும் பொருந்தும்.