குதிரையின் நடையால் அளந்த வாழ்வு



மனிதன் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடிகிறதோ, அந்த எல்லைக்குள்ளேதான் அவனுடைய உறவும் வியாபாரமும் கல்வியும் வழிபாடும் அமைகின்றன என்பது சரித்திரத்தை ஊன்றிப் படிப்பவர்களுக்குப் புலப்படுகிற உண்மை. அதை மிகத் தெளிவாக விளக்கிக் காட்டுகிற ஒரு சமுதாயத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் நடுமேற்குப் பிரதேசத்தில், சிறப்பாக அயோவா மாகாணத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும், உழுவதற்கும் விளைந்ததை விற்பதற்கும் வைத்தியரை அழைத்து வருவதற்கும் குதிரை ஒன்றையே நம்பி வாழ்ந்த குடியானவர்களின் சமுதாயம் அது.

அந்தப் பிரதேசத்தில் ஊர் பிறப்பதற்கு முன்பே கோடுகள் பிறந்துவிட்டன. 1785-ஆம் ஆண்டின் நில அளவைச் சட்டப்படி, பூமி முழுவதும் ஒரு மைலுக்கு ஒரு மைல் என்ற சதுரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு சதுரத்துக்கு 640 ஏக்கர். 36 சதுரங்கள் சேர்ந்தால் ஒரு வட்டம். ஒவ்வொரு வட்டத்திலும் 16-ஆம் எண்ணுள்ள சதுரம் பள்ளிக்கூட மானியம். இந்த ஒழுங்கைக் கண்டு வியக்கும்போது, அந்த மண் வெறும் மண்ணாகக் கிடக்கவில்லை என்பதையும் நினைவில் இருத்த வேண்டும். சாக், மெஸ்க்வாக்கி முதலிய பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நாடு அது. அமெரிக்க அரசோடு நடந்த 1832-ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு, உடன்படிக்கை என்ற பெயரால் அவர்களுடைய நிலம் படிப்படியாகப் பறிபோயிற்று. தங்கள் சொந்த நாட்டிலேயே ஒரு துண்டு நிலத்தை மெஸ்க்வாக்கி மக்கள் 1857-இல் டேமா வட்டாரத்தில் விலை கொடுத்து வாங்க நேர்ந்தது. புதிய குடியானவர்களின் உழைப்பைப் போற்றுகிற நாம், அந்த உழைப்பு யாருடைய இழப்பின்மேல் நடந்தது என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

ஆளுயரப் புல் வளர்ந்த அந்தச் சமவெளியின் மண் கறுத்து, கொழுத்து, பசைபோல ஒட்டுகிற தன்மை உடையது. கிழக்கிலிருந்து கொண்டுவந்த வார்ப்பிரும்புக் கலப்பையில் மண் அப்பிக்கொள்ள, சில அடிகளுக்கு ஒரு முறை நின்று சுரண்ட வேண்டியிருந்தது. இல்லினாய் மாகாணத்தில் கொல்லுத் தொழில் செய்துவந்த ஜான் டீர் என்பவர் 1837-இல் வழவழப்பான எஃகால் கலப்பை செய்து கொடுத்த பிறகே, மண் தானாக வழுக்கி விழ, படைச்சால் தடையின்றி ஓடத் தொடங்கிற்று. ஆனாலும் உழவு இலேசான காரியமாகிவிடவில்லை. ஒரு சாலுக்கு 12 அங்குல அகலம் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கரை உழுது முடிக்கக் குதிரைகளும் அவற்றின் பின்னே மனிதனும் 8 மைலுக்கு மேல் நடந்தாக வேண்டும். 40 ஏக்கர் உழுகிறவன் தன் வயலைவிட்டு வெளியேறாமலே 330 மைல் நடந்திருப்பான்.

இப்படித் தன்னோடு கூட நடக்கிற பிராணியைக் குடியானவன் எப்படிப் போற்றியிருப்பான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விடியுமுன் எழுந்து, தான் உண்பதற்கு முன்னே குதிரைக்குத் தீனி வைப்பது அந்த வீடுகளில் எழுதாத சட்டமாக இருந்தது. நிலத்தில் ஒரு பகுதி ஓட்ஸ் தானியத்துக்கும் உலர்புல்லுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. குதிரைகள் தின்று இட்ட எரு அதே நிலத்துக்குத் திரும்பிற்று. 1915-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கப் பண்ணைகளில் 2 கோடிக்கும் அதிகமான குதிரைகள் இருந்தன என்றால், அந்நாட்டு விவசாயத்தின் எரிபொருளில் பெரும்பகுதி வயலிலேயே விளைந்தது என்று சொல்லிவிடலாம். பிரான்ஸ் தேசத்திலிருந்து தருவிக்கப்பட்ட பெர்ஷெரான் ஜாதிக் குதிரைகள் ஏரும் பார வண்டியும் இழுக்கப் பெயர் பெற்றவை; சவாரிக்கும் பக்கி வண்டிக்கும் இலேசான உடற்கட்டுடைய வேறு குதிரைகள்.

பக்கி என்பது ஒற்றைக் குதிரை பூட்டிய, நாற்சக்கர இலகு வண்டி. வைரம் பாய்ந்தும் வளைந்து கொடுக்கும் ஹிக்கரி மரத்தால் ஆரங்களைச் செய்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையைச் சக்கரத்தின்மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றி இறுக்குவார்கள். இந்த வேலையும், லாடம் அடிப்பதும், மழுங்கிய கொழுவைத் தீட்டிக் கொடுப்பதும் ஊர்க் கொல்லரின் பொறுப்பு. அவருடைய உலைக்களத்தில் காத்திருந்த நேரத்தில்தான் மழையைப் பற்றியும் விலையைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் ஊரார் சம்பாஷித்தார்கள். அயோவாவின் வெஸ்ட் பிராஞ்ச் என்ற சிற்றூரில் 1874-இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த ஹெர்பர்ட் ஹூவர் பிற்காலத்தில் அந்நாட்டின் ஜனாதிபதியானார் என்பது அத்தகைய ஊர்களின் சமூக நிலையை உணர்த்தக்கூடியது.

பக்கி மணிக்கு ஏழெட்டு மைல் ஓடும். தானியம் ஏற்றிய பார வண்டியோ மூன்று நான்கு மைல்தான் நகரும். ஆகவே காலையில் பாரம் ஏற்றிப் புறப்பட்டவன் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டுமானால், ரயிலடியும் தானியக் கிடங்கும் பத்து மைலுக்குள் இருந்தாக வேண்டும். சந்தை ஊர்கள் அந்தக் கணக்கிலேயே முளைத்தன. குழந்தைகள் நடந்து போய் வரவேண்டிய பள்ளிக்கூடங்கள் அதைவிட நெருக்கமாக, இரண்டு மைலுக்கு ஒன்றாக அமைந்தன. 1900-ஆம் ஆண்டையொட்டி அயோவாவில் மட்டும் ஓரறைப் பள்ளிகள் 12,000-க்கும் மேல் இருந்தன. ஓர் அடுப்பு, ஒரு கரும்பலகை, எட்டு வகுப்புக்கும் ஒரே உபாத்தியாயினி. பல இடங்களில் இருபது வயது நிரம்பாத பெண். பெரிய பிள்ளைகள் சிறு பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க, ஒருவர் பாடத்தை மற்றவர் காதில் வாங்க, அந்த ஓரறையிலே கல்வி தழைத்தது.

வியாபாரத்தின் மையம் பலசரக்குக் கடை. மண்ணெண்ணெயும் சர்க்கரைப் பாகும் சீட்டித் துணியும் ஆணியும் மருந்துப் புட்டியும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. இங்கே பணம் அதிகமாகப் புழங்கவில்லை என்பதே விசேஷம். வீட்டுப் பெண்கள் கடைந்தெடுத்து, மரஅச்சில் பதித்துக் கொண்டுவந்த வெண்ணெயும், கூடையில் அடுக்கிய முட்டையும் தராசில் ஏறின. அவற்றின் மதிப்புக்குக் காப்பிக்கொட்டையும் துணியும் இறங்கின. மீதி பேரேட்டில் எழுதப்பட்டு, அறுவடைக்குப் பிறகு தீர்க்கப்பட்டது. வயலின் வருமானம் கடனுக்கும் வரிக்கும் போனபோது, அன்றாடக் குடும்பச் செலவைத் தாங்கி நிறுத்தியவை பெண்களின் கோழிக்கூண்டும் கடைகலயமுமே. அந்தக் காலத்துக் கணக்குகளைப் படிக்கிறவர்கள் இந்த உழைப்பை ஓரமாகத் தள்ளிவிடக் கூடாது.

நம்பிக்கையால் நடந்த வியாபாரத்திலும் வஞ்சகத்துக்கு இடமில்லாமற் போகவில்லை. பாற்கூடங்களில் எடையை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்த நாட்களில், பாலில் தண்ணீர் கலந்தவனும் பாலேட்டை எடுத்தவனும் லாபம் பெற, நேர்மையானவன் நஷ்டப்பட்டான். விஸ்கான்சின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டீபன் பாப்காக் என்ற விஞ்ஞானி 1890-இல் பாலின் கொழுப்பை எளிதில் அளக்கும் முறையை வகுத்துக் கொடுத்து, அதற்குக் காப்புரிமை கோராமல் எல்லாருக்கும் பொதுவாக விட்டுவிட்டார். கிராமத்து நேர்மைக்கு விஞ்ஞானம் செய்த பேருபகாரம் அது.

ஆனால் ஊருக்குள் தீர்த்துக்கொள்ள முடியாத அநீதிகளும் இருந்தன. பத்து மைலுக்கு அப்பால் போய்விட்ட தானியத்தின் விதியை, முகமறியாத ரயில்வே முதலாளிகளும் கிடங்குக்காரர்களும் நிர்ணயித்தார்கள். 1867-இல் தோன்றிய கிரேஞ்ச் என்ற விவசாயிகள் சங்கம், பெண்களையும் உறுப்பினராக ஏற்று, ஊர்தோறும் கிளை பரப்பி, ரயில் கட்டணத்தையும் கிடங்குக் கூலியையும் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டுமென்று போராடிற்று. பொதுநலன் சார்ந்த தொழிலை ஒழுங்குபடுத்த அரசுக்கு உரிமை உண்டு என்று 1877-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் விலைவீழ்ச்சி நிற்கவில்லை. 1894-இல் ஒரு புஷல் அளவு கோதுமைக்கு விவசாயிக்குக் கிடைத்த சராசரி விலை 50 சென்ட்டைக்கூடத் தொடவில்லை.

இவ்வளவு இடர்களுக்கிடையே இந்த மக்களைத் தாங்கியது எது என்று கேட்டால், கதிரடிப்பு நாளைக் காட்டுவேன். நீராவியால் இயங்கும் கதிரடி இயந்திரம் தனி ஒருவர் வாங்கக் கூடியதன்று. அதற்கு வேண்டிய பத்துப் பதினைந்து ஆட்களும் எந்த ஒரு குடும்பத்திலும் இல்லை. ஆகவே அண்டை அயலார் ஒரு வளையமாகச் சேர்ந்து, இயந்திரம் எந்தக் களத்துக்குப் போகிறதோ அங்கே எல்லாருமாகப் போய் உழைத்து, ஒரு வீட்டு வேலை முடிந்ததும் அடுத்த வீட்டுக்கு நகர்வார்கள். கட்டுகளை வண்டியில் ஏற்றுகிறவர் சிலர், இயந்திரத்தின் வாயில் ஊட்டுகிறவர் சிலர், தண்ணீர் கொண்டுவருகிறவர், தானியம் பிடிக்கிறவர், வைக்கோற்போர் போடுகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பணி. பெண்கள் அதேபோல வீடுவீடாகக் கூடி, அத்தனை பேருக்கும் மத்தியான விருந்து சமைத்தார்கள். இதில் கூலி என்ற பேச்சே எழவில்லை. உழைப்பு உழைப்புக்குக் கைம்மாறாயிற்று. இடி விழுந்து எரிந்த கொட்டகையை மறுபடி எழுப்புவதும், நோயில் விழுந்தவன் வயலை உழுது கொடுப்பதும் இதே முறையில்தான் நடந்தன.

இந்த ஒற்றுமையை அவர்களுடைய சுபாவத்திலேயே ஊறிய நற்குணம் என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதி உண்மையே சொன்னதாகும். அயலானிடம் மனஸ்தாபம் கொண்டவனும் நாளை அவன் கை தனக்கு வேண்டும் என்பதை அறிந்திருந்தான். அவசியம் அன்பை வளர்த்தது. அதே அவசியம் துன்பத்தையும் தந்தது. பனிக்காலத்தில் பாதை மூடினால் வைத்தியரின் பக்கி வர இயலாது. வாரக்கணக்கில் வேறு முகம் காணாமல் தனிமையில் வாடிய பெண்கள் எத்தனையோ பேர். குதிரைக்கு நோய் வந்தாலோ எல்லாமே நின்றுபோகும். 1872-இல் கனடாவில் டொரான்டோ பக்கத்தில் தொடங்கிய குதிரைச் சுரம் சில மாதங்களில் அமெரிக்கா முழுவதும் பரவியபோது, வண்டிகள் முடங்கின. நவம்பர் மாதம் பாஸ்டன் நகரம் தீப்பற்றி எரிந்தபோது, தீயணைப்பு வண்டிகளை மனிதர்களே இழுத்துச் செல்ல நேர்ந்தது.

மாற்றம் முதலில் தபால் வடிவில் வந்தது. 1872-இல் மான்ட்கோமரி வார்ட் சிகாகோவிலிருந்து விலைப்பட்டியல் அனுப்பி வியாபாரம் செய்யத் தொடங்கினார். 1896-இல் வீட்டு வாசலுக்கே கடிதம் கொண்டுவரும் கிராமத் தபால் முறை தொடங்கியது. ஆனால் சேற்றுப் பாதையில் தபால்காரர் வரமாட்டார். மிசௌரி மாகாணத்து விவசாயி டி. வார்ட் கிங், பிளந்த இரண்டு மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, மழை பெய்து ஓய்ந்ததும் குதிரைகளைக் கொண்டு பாதையின்மேல் இழுத்தால் மண் சமமாகிவிடும் என்று காட்டினார். அவரவர் நிலத்தை ஒட்டிய பாதையை அவரவரே சீர்செய்தார்கள். குதிரைகள் செப்பனிட்ட அந்தப் பாதையில்தான், 1908-இல் வெளிவந்த ஃபோர்டின் மோட்டார் வண்டி ஓடிவந்தது. பின்னர் பத்து மைல் என்ற எல்லை உடைந்தது; அருகிலிருந்த கடையைத் தாண்டிப் பெரிய ஊருக்குப் போக முடிந்தது; சிறு கடைகளும் ஓரறைப் பள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வைத்தியம் கைக்கெட்டிற்று, தனிமை குறைந்தது. அண்டை அயலாரின் தேவையும் குறைந்தது.

அயோவாவின் கலோனா வட்டாரத்தில் 1846 முதல் குடியேறிய ஆமிஷ் கிறிஸ்தவ மக்களுள் ஒரு சாரார் இன்றும் பக்கியில் செல்கிறார்கள். அவர்கள் இயந்திரம் அனைத்தையும் வெறுப்பவர்கள் என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. புதிய கருவி ஒன்று வரும்போது, அது குடும்பத்தையும் சபையையும் சேர்த்து வைக்குமா பிரிக்குமா என்று அவர்கள் கூடி ஆலோசித்துத் தீர்மானிக்கிறார்கள். அவர்களுடைய முடிவுகளை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் எழுப்புகிற கேள்வி நம் எல்லாருக்கும் உரியது.

நேயர்களே, அக்காலத்துக் குடியானவன் அயலானை நாடியதற்குத் தூரமும் தேவையும் காரணமாக இருந்தன. அந்த நிர்ப்பந்தம் இன்று நம்மில் பலருக்கு இல்லை. ஆகையால் அவனுக்குத் தானாக வாய்த்த அண்டைவீட்டு உறவை நாம் முயன்று வளர்க்க வேண்டியவர்களாக இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை அறிவதும், அவர் வீட்டு வேலைக்கு ஒரு நாள் கை கொடுப்பதும், நம் வீட்டு வேலைக்கு அவர் உதவியைக் கூச்சமின்றிக் கேட்பதும் இந்த முயற்சியின் முதற்படிகள். கொடுப்பதைவிடக் கேட்பதுதான் நமக்குக் கடினமாகிவிட்டது. கதிரடிப்பு வளையத்திலோ கேட்காதவன் எவனும் இருந்ததில்லை.