ஊருக்கெல்லாம் ஒரே படி

(பங்கின் பொன்விழாவையொட்டிப் பள்ளி மண்டபத்தில் நடைபெற்ற காசநோய்ப் பரிசோதனை முகாமின் தொடக்கத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



முகாமுக்கு வந்திருக்கும் மருத்துவரும் செவிலியர்களும் அங்கே மேசைகளை ஒழுங்கு செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் உங்களை அழைப்பதற்குள் ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். பிரசங்கம் செய்யப்போவதில்லை, பயப்பட வேண்டாம்.

முதலில் ஒரு கேள்வி. நம் பாட்டிமார்கள் அரிசியைப் படியால் அளந்து வாங்கினார்கள். சந்தையில் ஒருவனுடைய படி பெரிது. அடுத்தவனுடைய படி சிறிது. மூன்றாமவன் படியின் அடியில் அரக்கு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சந்தையில் யார் நிம்மதியாக அரிசி வாங்க முடியும்? அதனால்தான் அரசாங்கம் முத்திரை குத்திய படியைக் கொண்டுவந்தது. அரிசியில் ஏமாந்தால் ஒருவேளைச் சோறு குறையும், அவ்வளவுதான். ஆனால் நோயை அளக்கும் படியே ஊருக்கு ஊர் மாறினால்? நோய் இருப்பவன் இல்லையென்று வீட்டுக்குப் போவான். இல்லாத பிள்ளையை நோயாளி என்று ஒதுக்கிவைப்பார்கள். காசநோயைப் பொறுத்தவரையில் ஒரு காலத்தில் நிலைமை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அதை மாற்றியவர் புளோரன்ஸ் சைபர்ட் என்னும் அமெரிக்கப் பெண் விஞ்ஞானி.

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த டாக்டர் ராபர்ட் கோக். 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் அவர் அதை அறிவித்தார். அந்த நாளைத்தான் இன்றும் உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கிறோம். எட்டு ஆண்டுகள் கழித்து, 1890-இல், அதே கிருமிகளை வளர்த்து, கொன்று, வடித்தெடுத்த ஒரு சாற்றைக் காசநோய்க்கு மருந்து என்று வெளியிட்டார். டியூபர்குலின் என்பது அதன் பெயர். நோயாளிகள் பெர்லினுக்கு ஓடினார்கள். ஆனால் நோய் குணமாகவில்லை. சிலருடைய நிலை இன்னும் மோசமாயிற்று. அந்த மாமேதைக்கும் அது பெரிய தலைகுனிவாக அமைந்தது.

எனினும் அந்தச் சாறு வீணாகிவிடவில்லை. மருந்தாக உதவாத பொருள் நோயைக் கண்டறிய உதவியது. ஒருமுறை திருடனைக் கண்ட காவற்காரன், பிறகு அவனுடைய கிழிந்த சட்டையைக் கண்டாலும் கூச்சலிடுவான் அல்லவா? அதுபோல, காசக்கிருமி ஒருமுறை புகுந்த உடல், செத்த கிருமியின் ஒரு சிறு துணுக்கைத் தோலில் வைத்தாலே அடையாளம் கண்டுகொள்கிறது. அந்த இடம் தடித்து வீங்குகிறது. 1907-இல் வியன்னாவைச் சேர்ந்த டாக்டர் பிர்கே தோலைக் கீறி இதைச் சோதித்துக் காட்டினார். மறு ஆண்டில் பிரான்சு நாட்டு டாக்டர் மான்டூ, தோலுக்குள் ஊசி போட்டுப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். நம் ஊர் மருத்துவமனையில் குழந்தையின் முன்கையில் ஊசி போட்டு, மூன்றாம் நாள் வரச்சொல்கிறார்களே, அதுதான் மான்டூ பரிசோதனை.

சங்கடம் எங்கே வந்தது தெரியுமா? ஊசிக்குள் இருந்த சாற்றில்தான். கோக் கிருமிகளை இறைச்சிச் சாற்றில் வளர்த்தார். ஆகவே வடித்தெடுத்த டியூபர்குலினில் கிருமியின் சத்தும் இருந்தது. இறைச்சியின் சத்தும் இருந்தது. வேறு பல பொருள்களும் கலந்திருந்தன. ஒருமுறை செய்த சாறு வீரியமாக இருக்கும். அடுத்த முறை செய்தது நீர்த்திருக்கும். தோல் வீங்கினால் எதனால் வீங்கியது? வீங்காவிட்டால் கிருமி இல்லையா, அல்லது சாற்றில் வலுவில்லையா? உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படியின் அடியில் அரக்கு என்றேனே, அது இதுதான்.

இனி நம் கதாநாயகியிடம் வருவோம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஈஸ்டன் நகரில் 1897-இல் பிறந்தவர் புளோரன்ஸ். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கால்களுக்கு இரும்புச் சட்டம் போட்டு நடக்க வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுவதும் நடையில் ஊனம் இருந்தது. படிப்பிலோ முதல் மாணவி. உதவித்தொகை பெற்றுப் பால்டிமோரில் கல்லூரிப் படிப்பை 1918-இல் முடித்தார். டாக்டராக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ஆனால் வேதியியல் ஆய்வுக்கூடம் அவரை இழுத்துக்கொண்டது. 1923-இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

யேலில் அவர் கையாண்ட முதற் பிரச்சினையைக் கேளுங்கள். நரம்பு வழியாக மருந்து ஏற்றும்போது சிலருக்குத் திடீரென்று குளிர்காய்ச்சல் கண்டது. மருந்தில் குற்றமில்லை; காய்ச்சி வடித்த சுத்தமான நீரில்தான் கலந்திருந்தார்கள். பின் காய்ச்சல் ஏன்? சைபர்ட் தேடிக் கண்டுபிடித்தார். சுத்தம் என்று எல்லாரும் நம்பிய அந்த நீர் சுத்தமாக இல்லை. தண்ணீர் கொதிக்கும்போது தெறிக்கும் நுண்ணிய திவலைகள் ஆவியோடு சேர்ந்து அடுத்த பாத்திரத்துக்குப் போயின. அவற்றோடு பாக்டீரியாவின் நச்சும் போயிற்று. திவலைகளைத் தடுத்து நிறுத்தும் ஒரு பொறியை வடிகலத்தில் அமைத்தார், காய்ச்சல் நின்றது. இன்று மருத்துவமனையில் நமக்குக் குளூக்கோஸ் ஏற்றும்போது குளிர் நடுக்கம் வராமலிருப்பதற்கு இந்த ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கு உண்டு. மற்றவர்கள் 'இது சுத்தம்தான்' என்று விட்டுவிட்ட இடத்தில், 'உண்மையிலேயே சுத்தமா?' என்று மறுபடியும் கேட்கும் குணம் அவருக்கு அப்போதே இருந்தது.

அந்தக் குணத்துக்குத் தகுந்த வேலை சிகாகோவில் காத்திருந்தது. அங்கே டாக்டர் எஸ்மண்ட் லாங் என்பவர் காசநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். இறைச்சிச் சாறு இல்லாமல், புரதமே கலவாத உப்புக் கரைசலில் காசக்கிருமி வளரும் என்று அவர் காட்டியிருந்தார். இது பெரிய வசதி. வளர்க்கும் நீரில் புரதமே இல்லையென்றால், பிறகு அதில் காணப்படும் புரதம் முழுவதும் கிருமியினுடையதாகத்தான் இருக்கவேண்டும். அந்தப் புரதத்தைத் தனியே பிரித்தெடுக்கும் பொறுப்பைச் சைபர்ட் ஏற்றுக்கொண்டார்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு ஆண்டுகள் பிடித்தன. கிருமிகளை வாரக்கணக்கில் வளர்க்க வேண்டும். ஆவியில் வைத்துக் கொல்ல வேண்டும். வடிகட்ட வேண்டும். அமிலம் சேர்த்துப் புரதத்தைத் திரியவைத்து, கழுவி, மறுபடியும் கரைத்து, மறுபடியும் திரியவைத்து, உலர்ந்த பொடியாக எடுக்க வேண்டும். 1932-இல் லாங்கும் சைபர்ட்டும் பிலடெல்பியாவிலிருந்த ஹென்றி பிப்ஸ் காசநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாறினார்கள். 1934-இல் தாம் பிரித்தெடுத்த பொருளைப் பிபிடி என்ற பெயரில் அவர் வெளியிட்டார். தூய்மைப்படுத்தப்பட்ட புரதப் பொருள் என்பது அதன் கருத்து.

பாராட்டுகள் வந்தன. ஆனால் அவர் மனம் திருப்தியடையவில்லை. தாம் செய்த பொடி எவ்வளவு தூய்மையானது என்று அளந்து பார்க்க விரும்பினார். அதற்கான கருவிகள் சுவீடன் நாட்டில் உப்சாலா நகரில், நோபல் பரிசு பெற்ற பேராசிரியர் ஸ்வெட்பெரியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தன. 1937-இல் அங்கே சென்று ஓராண்டு பயின்றார். அந்தக் கருவிகளைக்கொண்டு ஆராய்ந்தபோது, புரதத்தோடு வேறு சில பொருள்களும் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஊர் பாராட்டிய தமது வேலையிலேயே குறை கண்டுபிடித்து, தாமே திருத்தினார். இது எளிய காரியம் அன்று, அன்பர்களே.

திரும்பி வந்து, தம் உதவியாளருடன் சேர்ந்து நூறு கிராமுக்குச் சற்று மேற்பட்ட ஒரு பெரிய தொகுதியைத் தயாரித்தார். நூறு கிராமா பெரிது என்று சிரிக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு வழக்கமாகப் போடும் அளவு ஒரு மில்லிகிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே ஒரு கிராம் பொடி ஒரு கோடிப் பேருக்குப் போதும்! ஆனால் அந்தத் தொகுதி எல்லாருக்கும் ஊசி போடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. வேறு எங்கு யார் டியூபர்குலின் தயாரித்தாலும், அதன் வலிமையை இதனோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டது. 1941-இல் அது அமெரிக்க நாட்டின் அளவுகோலாயிற்று. 1950-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் அதையே உலகத்துக்கு அளவுகோலாக ஏற்றுக்கொண்டது. ஊருக்கெல்லாம் ஒரே படி வந்துவிட்டது.

இந்த வரலாற்றில் இன்னொருவரையும் மறக்கக்கூடாது. சைபர்ட்டின் தங்கை மேபல். சைபர்ட் திருமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரிகள் இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். அலுவல்களிலும் ஆராய்ச்சியிலும் அக்காளுக்குத் துணை நின்றவர் அவர். பெரிய பெயர்களுக்குப் பின்னால் இப்படி ஒருவர் இருப்பது நம் குடும்பங்களிலும் நாம் காண்பதுதானே! சைபர்ட் 1959-இல் ஓய்வு பெற்றார். 1991-இல், தமது 93-ஆம் வயதில் காலமானார்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். அந்த ஊசியைப் பற்றி மூன்று உண்மைகளை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ஊசி போட்ட இடம் சிவந்திருப்பது கணக்கில் இல்லை, தடிப்பைத்தான் அளக்கவேண்டும். அதனால்தான் இரண்டு மூன்று நாட்களுக்குள் திரும்ப வரச்சொல்கிறார்கள். 'வீங்கவில்லை, போகவேண்டாம்' என்று வீட்டிலேயே நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது.

இரண்டாவது, தடித்தால் காசநோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிருமி என்றோ உடலில் நுழைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். பிசிஜி தடுப்பூசி போட்டதாலும் தடிக்கலாம். உலக மக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இக்கிருமி புகுந்திருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோயாக மாறுகிறது. எனவே கை தடித்த குழந்தையைத் தொடப் பயந்து தள்ளிவைப்பது அறியாமை.

மூன்றாவது, தடிக்காவிட்டால் நோயில்லை என்றும் உறுதி கூற முடியாது. உடல் மிக நலிந்தவர்களுக்கு நோய் இருந்தும் தடிக்காமற் போகலாம். ஆகையால் இருமல் உள்ளவர்களுக்குச் சளிப் பரிசோதனைதான் முக்கியம். 2010-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஒரு கருவி, சளியிலுள்ள கிருமியின் மரபணுவையே தேடி, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பதில் தருகிறது. முக்கியமான மருந்தொன்று அக்கிருமியிடம் பலிக்குமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஒரு படியின் குறையை உணர்ந்து அடுத்த படியைச் செய்வதுதான் விஞ்ஞானம். சைபர்ட் செய்ததும் அதுதான்.

ஆனால், அன்பர்களே, எவ்வளவு நல்ல கருவியும் நாம் கொடுப்பதைத்தான் அளக்கும். நாம் மறைத்ததை அது அளக்காது. 'மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இப்போது இது வெளியே தெரியலாமா?' என்று எண்ணுகிற தாய்மார்கள் உண்டு. 'வேலை போய்விடுமே' என்று இருமலை விழுங்குகிற தகப்பன்மார் உண்டு. அந்தக் கவலையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மறைத்த இருமல் அந்த மகளுக்கே முதலில் தொற்றும் என்பதை நினைத்துப் பாருங்கள். வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். சானடோரியத்தில் வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு நிகராக வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தது 1956-இல் தொடங்கிய நம் சென்னை ஆராய்ச்சி நிலையமே. வழக்கமாக ஆறு மாத மருந்து, அரசாங்கத்தில் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் தருகிறார்கள்.

ஆகவே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு உள்ளவர்கள் தயங்காமல் அந்த மேசைக்குச் செல்லுங்கள். டப்பாவைக் கொடுத்தால் உமிழ்நீரைத் துப்பிவிட்டு வராதீர்கள். மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியைக் கொடுங்கள். மருத்துவர் கேட்பதற்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஒரு சிட்டிகைப் பொடியில் கலப்படம் இருக்கக்கூடாது என்பதற்காக ஊனமுற்ற கால்களோடு ஒரு பெண்மணி முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். நாம் கொடுக்கும் சளியிலும் நாம் சொல்லும் பதிலிலும் கலப்படம் இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் பங்கு.

அதோ, செவிலியர் பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார். முதல் பெயர் என்னுடையதுதான், நானே கொடுத்துவைத்தேன். வாருங்கள், போவோம். இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!