திரையில் ஒரு நிறம், தாளில் ஒரு நிறம்

(கோவையில் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழைக் கணினியில் வடிவமைக்கிறோம். திரையில் கிளிப்பச்சை பளிச்சென்று தெரிகிறது. அச்சகத்திலிருந்து வந்த தாளில் அதே பச்சை மங்கிப்போய் இருக்கிறது. அடர்நீலம் கொடுத்த இடம் கத்தரிப்பூ நிறத்தில் வந்திருக்கிறது. உடனே அச்சகக்காரரிடம் கோபித்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அவர்மேல் தவறு இருக்காது. திரை நிறத்தை உண்டாக்கும் முறை வேறு, தாள் நிறத்தைக் காட்டும் முறை வேறு. அழைப்பிதழ் மங்கினால் பெரிய இழப்பில்லை. ஆனால் இதே வேறுபாடு நம் வினாத்தாளுக்குள் நுழைந்தால் ஒரு குழந்தையின் மதிப்பெண் போய்விடும். அதனால்தான் இன்று இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

முதலில் திரையைப் பார்ப்போம். திரை தானே ஒளி விடுகிறது. அதில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களில் மிகச் சிறிய ஒளிப்புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன. இதைத்தான் ஆர்.ஜி.பி. முறை என்கிறோம். ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை அளவு உண்டு. மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. 256 அளவுகள் மூன்று முறை பெருக்கப்பட, 1,67,77,216 சேர்க்கைகள் கிடைக்கின்றன. ஒளியோடு ஒளி சேரச் சேர வெளிச்சம் கூடுகிறது. எனவே இது கூட்டல் முறை.

தாளுக்குச் சொந்த ஒளி இல்லை. வெயிலோ டியூப் லைட்டோ தரும் ஒளியை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. மேலே பூசிய மை அந்த ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. சயான் மை சிவப்பு ஒளியை விழுங்கும். மெஜந்தா பச்சையை விழுங்கும். மஞ்சள் நீலத்தை விழுங்கும். மையோடு மை சேரச் சேர வெளிச்சம் குறைகிறது. எனவே இது கழித்தல் முறை. மூன்று மையும் சேர்ந்தால் கணக்குப்படி கறுப்பு வர வேண்டும். நடைமுறையில் சேற்று நிறம்தான் வருகிறது. அதனால் கறுப்பு மையைத் தனியாகச் சேர்த்து, சி.எம்.ஒய்.கே. என்ற நான்கு நிற முறையில் அச்சிடுகிறார்கள். இந்த நான்கு மைகளால் எட்ட முடியாத பச்சைகளும் நீலங்களும் ஆரஞ்சுகளும் திரையில் உண்டு. கிளிப்பச்சை மங்கியதற்குக் காரணம் இதுவே.

வகுப்பறையில் இது ஒரு குழப்பத்தையும் உண்டாக்குகிறது. "நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்று டிராயிங் சார் சொன்னார். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள் என்று சயின்ஸ் டீச்சர் சொல்கிறார். எது சரி?" என்று ஒரு மாணவர் கேட்டால், அவரை அடக்கிவிடக் கூடாது. அருமையான கேள்வி அது. டிராயிங் சார் பேசுவது வண்ணக் குழம்பைப் பற்றி; சயின்ஸ் டீச்சர் பேசுவது ஒளியைப் பற்றி. நீல ஒளியும் மஞ்சள் ஒளியும் சுவரில் சேர்ந்தால் பச்சை வராது, வெண்மை வரும். இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு பாடவேளை எடுத்தால் அந்தக் குழப்பமே நல்ல பாடமாகிவிடும்.

நம் கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு நிறம் என்பது வீட்டுச் சோறு. திருப்பூர்ப் பகுதியில் எத்தனையோ மாணவர்களின் பெற்றோர் சாயப்பட்டறையிலும் பிரிண்டிங் பட்டறையிலும் வேலை செய்கிறார்கள். பவானியில் ஜமக்காளம், சென்னிமலையில் போர்வை. இந்தத் தொழிலில் செல்போனில் வந்த படத்தை நம்பிச் சாயம் போடுவதில்லை. சிறு துணித்துண்டில் சாயமேற்றி, லேப் டிப் என்று அனுப்பி, வாங்குபவர் ஒப்புக்கொண்ட பிறகே மொத்தத் துணிக்கும் சாயமிடுகிறார்கள். பகல் ஒளி, கடை விளக்கொளி என்று மாற்றி மாற்றிப் பார்க்க ஒளிப்பெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரு துணிகள் இன்னொரு விளக்கில் வேறாகத் தெரியலாம். சேலைக்கடையில் நம் வீட்டுப் பெண்கள் சேலையை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பிரித்துப் பார்ப்பதும் இதே அறிவியல்தான்.

நிறம் தப்பினால் துணியை மறுபடி சாயமிட வேண்டும். மறுபடி தண்ணீர், மறுபடி உப்பு, மறுபடி கழிவு. நொய்யல் ஆறு பட்ட பாடு நமக்குத் தெரியும். ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி உழவர்கள் பாதிக்கப்பட்டதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் நாம் மறக்கவில்லை. நிறத்தை முதல் முறையிலேயே சரியாகப் பிடிப்பது ஆற்றுக்கும் நல்லது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இனி வினாத்தாளுக்கு வருவோம். கணினியில் வரைபடம் தயாரிக்கிறோம். ஒரு பகுதிக்குச் சிவப்பு, அளவு 255. இன்னொரு பகுதிக்குப் பச்சை, அளவு 128. திரையில் யாருக்கும் ஐயம் வராது. அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது பரவலாகப் பின்பற்றும் கணக்கில் சிவப்பை 0.299-ஆலும் பச்சையை 0.587-ஆலும் நீலத்தை 0.114-ஆலும் பெருக்குகிறார்கள். அந்தச் சிவப்பு ஏறத்தாழ 76 ஆகிறது. அந்தப் பச்சை ஏறத்தாழ 75 ஆகிறது. இரண்டும் ஒரே சாம்பல் நிறம்! ஜெராக்ஸ் எடுத்த தாளில் "பச்சை நிறமிட்ட பகுதியின் பெயரை எழுதுக" என்றால் குழந்தை என்ன செய்யும்? பாடம் தெரிந்த பிள்ளையும் விழிக்கும்.

வண்ணத்திலேயே அச்சிட்டாலும் சிலருக்குச் சிக்கல் தீராது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வைக் குறைபாடு சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. பல பிள்ளைகளுக்குத் தமக்கு அந்தக் குறைபாடு இருப்பதே தெரியாது. இலைக்குப் பழுப்பு நிறம் தீட்டும் பையனைத் திட்டும் முன் ஒரு நிமிடம் யோசிப்போம்.

ஆகவே நான்கு வழக்கங்களைக் கைக்கொள்ளலாம். ஒன்று, நிறத்தை மட்டும் நம்பி எந்தக் கேள்வியும் கேட்க வேண்டாம். பகுதிகளுக்கு அ, ஆ, இ என்று எழுத்தும் இடுவோம். இரண்டு, நிறத்துக்குப் பதிலாகக் கோடு, புள்ளி, கட்டம் என நிரப்புவோம். ஜெராக்ஸிலும் அவை மறையா. மூன்று, மொத்தமாக அச்சிடும் முன் ஒரே ஒரு தாளை எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்ப்போம். நான்கு, அச்சகத்துக்குக் கொடுக்கும் படத்தைச் சி.எம்.ஒய்.கே. முறைக்கு மாற்றினால் எப்படித் தெரியும் என்று முன்பே கேட்டு, மங்கும் நிறங்களை மாற்றிக்கொள்வோம்.

வகுப்பில் செய்ய மூன்று எளிய செயல்பாடுகள். செல்போன் திரையில் வெள்ளைப் பக்கத்தை வைத்து, விரல் நுனியால் மிகச் சிறு நீர்த்துளி வையுங்கள். துளி லென்ஸ் போல் பெரிதாக்க, வெள்ளைக்குள் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். அடுத்து, நாளிதழின் வண்ணப்படத்தை லென்ஸ் வழியே பார்க்கச் சொல்லுங்கள். நான்கு மைகளின் புள்ளிகள் தெரியும். பல நாளிதழ்களின் பக்க அடியில் அந்த நான்கு நிறங்களும் சிறு பொட்டுகளாகவே இருக்கும். மூன்றாவதாக, மூன்று டார்ச் விளக்குகளில் சிவப்பு, பச்சை, நீல ஜெலட்டின் பேப்பர் கட்டி, இருட்டறையில் வெள்ளைச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடியுங்கள். 1861-இல் லண்டனில் மேக்ஸ்வெல் இதே மூன்று நிறங்களைக் கொண்டு ஒரு வண்ணப்படத்தைத் திரையில் காட்டினார். அவர் காட்டியது என்ன தெரியுமா? கட்டம் போட்ட ஒரு துணி நாடா! நெசவு நாட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள், மகிழ்வார்கள்.

வரும் தேர்வுக்கு வினாத்தாளை அனுப்பும் முன் ஒருமுறை கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.