ஜெனரல் பிலிப் ஸ்கைலர்



அமெரிக்க சுதந்திர யுத்தம் என்றவுடன் நம்மவர் நாவில் வரும் பெயர்கள் மிகச் சில. அவற்றுள் பிலிப் ஸ்கைலரின் பெயர் இல்லை. அலெக்சாண்டர் ஹாமில்டனின் மாமனார் என்ற உறவுமுறையைச் சொன்னால்தான் சிலருக்கேனும் அவர் யாரென விளங்கும். இருந்தும் அவருடைய ஜீவிய சரித்திரத்தை இன்றைய சொற்பொழிவுக்கு விஷயமாகக் கொண்டேன். ஏனெனில், யுத்தத்தில் ஜயம் எவ்விடத்தில் உற்பத்தியாகிறது என்ற வினாவுக்கு, களத்தில் வாள் சுழற்றிய வீரர் பலரின் கதைகளைக் காட்டிலும், ஜயம் வாய்க்கும் தருணத்தில் பதவியிழந்து நின்ற இந்த மனிதரின் கதையே தெளிவான விடை தருவதாக எனக்குத் தோன்றுகிறது.

நியூயார்க் மாகாணத்தில் ஹட்சன் நதிக்கரையிலுள்ள ஆல்பனி நகரில், தலைமுறை தலைமுறையாகச் செல்வாக்குடன் வாழ்ந்த டச்சுக் குடும்பமொன்றில் 1733-ஆம் ஆண்டு பிறந்த ஸ்கைலர், இளம்பிராயத்திலேயே தந்தையை இழந்தார். 1755-இல், தம் குடும்பத்துக்கு எவ்வகையிலும் குறையாத ரென்சலர் குடும்பத்துக் கன்னிகையான காதரினை மணந்தார். பிரெஞ்சுக்காரரோடு ஆங்கிலேயர் நடத்திய யுத்தத்தில் காப்டனாகச் சேர்ந்ததும் அவ்வாண்டேதான். அந்தப் போரில் அவர் கற்றது துப்பாக்கிப் பிரயோகத்தைவிடக் கணக்கு வித்தையே என்று சொல்ல வேண்டும். பிராட்ஸ்ட்ரீட் என்ற ஆங்கிலத் தளபதியின் கீழ் தளவாடப் பொறுப்பேற்று, மாவுப் பீப்பாய்களையும் படகுகளையும் மாடுகளையும் காட்டு வழியே கொண்டுசெலுத்தும் சிரமத்தை அனுபவத்தால் அறிந்த அவர், 1761-இல் லண்டன் மாநகருக்குப் போனதும் அத்தளபதியின் கணக்குகளைத் தீர்த்துவைப்பதற்காகத்தான்.

திரும்பி வந்தபின் சாரடோகா என்னுமிடத்தில் மரமறுக்கும் ஆலைகளும் சணல்நார் ஆலையும் வயல்களுமாக ஒரு பெரும் பண்ணையை உருவாக்கினார். அந்தச் செல்வத்தில் அடிமைகளின் உழைப்பும் அடங்கியிருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை. சுதந்திரத்துக்காகப் போரிட்டவரின் மாளிகையில் சுதந்திரமில்லாத மனிதர்கள் பணி செய்தார்கள்; ஆல்பனி நகர மண்டபத்தின் முன் நின்ற அவருடைய சிலை 2023-இல் அகற்றப்பட்டதும் இதன் பொருட்டே. அதைத் தவறென்று கூற எனக்கு மனம் வரவில்லை.

1775-இல் சுதந்திர யுத்தம் மூண்டபோது அமெரிக்கரின் காங்கிரஸ் சபை நியமித்த முதல் நான்கு மேஜர் ஜெனரல்களில் ஒருவராக, வட பிராந்தியச் சேனையின் தலைமை அவரிடம் வந்தது. கனடாவின்மீது தொடுத்த படையெடுப்பு, அவருடைய உடல்நலக் குறைவால் மாண்ட்கோமரி என்பவரின் கைக்கு மாறி, அவ்வாண்டின் கடைசி நாளன்று கியூபெக் நகரின் முன் மாண்ட்கோமரியின் மரணத்தோடு குலைந்தது. இதற்கிடையே, நியூ இங்கிலாந்து மாகாணங்களின் போர்வீரருக்கு ஸ்கைலரைக் கண்டாலே ஆகவில்லை. பிற்காலத்தில் வெர்மான்ட் எனப் பெயர்பெற்ற நிலப்பகுதியைப் பற்றிய வழக்கில் அவர் நியூயார்க்கின் பக்கம் நின்றதும், குடியானவர் மக்களான அவ்வீரரிடம் பிரபுத்துவத் தோரணையை அவரால் விட முடியாததும் அந்தத் துவேஷத்தை வளர்த்தன.

1777-ஆம் ஆண்டுக் கோடையில், ஆங்கிலத் தளபதி பர்காயின் கனடாவிலிருந்து பெருஞ்சேனையோடு தெற்கு நோக்கி இறங்கினார். அமெரிக்கர் காவலின்றி விட்டிருந்த ஒரு குன்றின் உச்சியில் ஆங்கிலேயர் பீரங்கிகளை ஏற்றிவிடவே, டைக்கொண்டிரோகா கோட்டையைக் காத்துநின்ற செயின்ட் கிளேர், ஜூலை மாதத் தொடக்கத்தில் ஓர் இரவில் அதைக் காலி செய்து வெளியேறினார். ஸ்கைலர் அப்போது அங்கே இல்லை. ஆயினும் பழி அவர்மீதும் விழுந்தது. பகைவர் வெள்ளியால் குண்டுகள் வார்த்துக் கோட்டைக்குள் சுட்டார்கள் என்றும், அவற்றைப் பொறுக்கிச் செயின்ட் கிளேரும் ஸ்கைலரும் பங்கிட்டுக் கொண்டார்கள் என்றும் ஒரு வதந்தி உலவிற்று! தோல்விக்குக் காரணம் தேடும் ஜனங்களின் கற்பனைக்கு எல்லையேது?

எதிர்த்து நிற்பதற்குப் போதிய சேனை இல்லை என்பதை ஸ்கைலர் அறிந்திருந்தார். ஆகவே போரிடாமலே போரை நடத்தினார். ஸ்கீன்ஸ்பரோவிலிருந்து எட்வர்டு கோட்டை வரையில் சுமார் 23 மைல் தூரமுள்ள வனமார்க்கத்தில், அவருடைய ஆட்கள் கோடரியால் பெருமரங்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்து, பாலங்களைத் தகர்த்து, ஓடைகளைத் திருப்பிப் பாதையைச் சதுப்பு நிலமாக்கி, வழியிலிருந்த கால்நடைகளையும் அப்புறப்படுத்திவிட்டார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட பாலங்களைக் கட்டிக்கொண்டே முன்னேற வேண்டியிருந்த பர்காயினின் படை, அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய மூன்று வாரங்களைச் செலவிட்டது. ஒவ்வொரு நாளும் அவருடைய உணவுக் கையிருப்பு குறைந்தது. அமெரிக்கச் சேனையோ பெருகியது. குதிரைகளையும் தானியத்தையும் தேடிப் பர்காயின் அனுப்பிய பிரிவு ஆகஸ்டு 16-ஆம் தேதி பென்னிங்டன் அருகே அழிந்தது. மேற்கே முற்றுகைக்குள்ளாகியிருந்த ஸ்டான்விக்ஸ் கோட்டைக்கு உதவியாக, தம் அதிகாரிகளின் ஆட்சேபத்தையும் பொருட்படுத்தாது, தளபதி ஆர்னால்டை அனுப்பியவரும் ஸ்கைலரே. அம்முற்றுகையும் அம்மாதத்திலேயே விலகியது.

இந்தப் பயிரெல்லாம் கதிர் முற்றும் வேளையில், காங்கிரஸ் அவரை நீக்கி ஹொரேஷியோ கேட்ஸை நியமித்தது. ஆகஸ்டு 19-ஆம் தேதி வந்துசேர்ந்த கேட்ஸை ஸ்கைலர் மரியாதையோடு வரவேற்றார். கேட்ஸோ தம் யுத்த ஆலோசனைக்கு அவரை அழைக்கவுமில்லை. செப்டம்பரிலும் அக்டோபரிலும் நிகழ்ந்த இரு பெரும் சண்டைகளுக்குப் பின், அக்டோபர் 17-இல் பர்காயின் சரணடைந்தார். புகழ் கேட்ஸைச் சேர்ந்தது. கேட்ஸின் பங்கு ஒன்றுமில்லை என்று வாதிப்பது என் நோக்கமன்று. சரணடைய நேர்ந்த சேனை, களத்துக்கு வருமுன்பே காட்டுப் பாதையில் பாதி தோற்றிருந்தது என்றுமட்டும் சொல்லுவேன்.

அந்த ஜயத்தின் அதிர்வு நம் கடற்கரை வரையில் எட்டியது. சாரடோகாச் செய்தியால் ஊக்கம் பெற்ற பிரான்ஸ், 1778 பிப்ரவரியில் அமெரிக்கரோடு உடன்படிக்கை செய்துகொள்ள, ஆங்கிலேய-பிரெஞ்சுப் போர் மூண்டு, அவ்வாண்டு அக்டோபரில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று.

பர்காயின் பின்வாங்கும்போது, தம் படைக்கு மறைவிடமாகிவிடும் என்று ஸ்கைலரின் சாரடோகா மாளிகையையும் ஆலைகளையும் எரித்திருந்தார். சரணடைந்தபின் அவரைச் சந்தித்த ஸ்கைலர், அது யுத்த தர்மத்தின்பாற்பட்டதே என்று ஆறுதல் கூறி, ஆல்பனியிலிருந்த தம் இல்லத்தில் பரிவாரத்துடன் தங்கவைத்து உபசரித்தார். இதைப் பர்காயினே பிற்பாடு பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எடுத்துச் சொன்னார்.

ஸ்கைலர் தாமே வேண்டிநின்ற ராணுவ விசாரணை, 1778-இல் அவரைக் களங்கமற்றவரென உயரிய கௌரவத்துடன் விடுவித்தது. மறு ஆண்டு சேனைப் பதவியைத் துறந்தார். 1780 டிசம்பரில் அவருடைய புதல்வி எலிசபெத்தை ஹாமில்டன் மணந்தார். புதிய அரசியல் சாசனத்தின்கீழ் 1789-இல் செனட் சபைக்குச் சென்ற ஸ்கைலரை, இரண்டாண்டுகளில் தோற்கடித்து அந்த ஆசனத்தைப் பெற்றவர் ஆரன் பர். அதே பரின் குண்டுக்கு 1804 ஜூலையில் ஹாமில்டன் பலியானார். மருமகன் மாண்ட சில மாதங்களில், நவம்பரில், ஸ்கைலரும் காலமானார்.

அவருடைய முதுமைக் காலத்து உழைப்பில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது நீர்வழிதான். 1792-இல் அமைந்த மேற்கு உள்நாட்டு நீர்வழிக் கம்பெனிக்குத் தலைவராகி, மோஹாக் நதியின் அருவிகளைச் சுற்றிக் கால்வாயும் மதகுகளும் அமைக்க, மூட்டுவாதத்தின் வேதனையையும் பாராது அலைந்தார். மரத்தால் கட்டிய மதகுகள் விரைவில் உளுத்துப்போயின. கல்லால் மீண்டும் கட்டினார்கள். பங்குதாரருக்கு லாபம் சொற்பமே. ஆனால் அந்த நதியின் பள்ளத்தாக்கு வழியேதான் 1825-இல் ஈரி கால்வாய் முழுமை பெற்றது.