எருமையும் நீர்ப்பறவையும்



இராஜஸ்தானத்துப் பரத்பூருக்கு அருகில் கேவலாதேவ் என்னும் நீர்ப்பறவைப் புகலிடம் உளது. அதன் பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர். மன்னர் காலத்தில் அது வேட்டைக்களம். 1938ஆம் ஆண்டு நவம்பரில் ஒரே நாளில் 4,000க்கு மேற்பட்ட பறவைகள் அங்கே சுட்டு வீழ்த்தப்பட்டன.

1981இல் அவ்விடம் தேசியப் பூங்காவாயிற்று. மறு ஆண்டு நவம்பரில் எருமை மேய்ச்சல் தடுக்கப்பட்டது. மேய்ச்சல் வாழிடத்தைக் கெடுக்கும், எருமை நீங்கினால் பறவை பெருகும் என்பது வல்லுநர் கொள்கை. சாலிம் அலியும் அவ்வாறே கருதினார். கேட்போர் எவரும் தலையசைக்கக்கூடிய கொள்கைதான். ஆயினும், தலைமுறை தலைமுறையாக மேய்த்துவந்த ஊரார் எதிர்த்தனர். போலீசார் சுட்டதில் சிலர் மாண்டனர். மனித உயிரை விலையாகக் கொண்ட கொள்கை மெய்தானா என்று ஆராய வேண்டாமா?

நல்வாய்ப்பாக, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1980இலேயே அங்கு நீண்டகால ஆய்வொன்றைத் தொடங்கியிருந்தனர். தடைக்கு முன்னிருந்த நிலையும் பின்வந்த நிலையும் ஏட்டில் ஏறின. இது பெரும்பேறு என்பேன். முன்கணக்கு இல்லாதவனுக்குப் பின்கணக்கால் பயன் யாது?

விளைவு எதிர்பார்த்தபடி இல்லை. பாஸ்பாலம் என்னும் நீர்ப்புல், கணுதோறும் வேரூன்றி, நீர்ப்பரப்பைப் பாய்போல் மூடிற்று. வாத்துகளுக்கு வேண்டியது திறந்த நீர், அதுவே சுருங்கிற்று. அப்புல்லை இதுகாறும் கூலியின்றி அடக்கிவந்தவை எருமைகளே! பின்னர் ஊரார் புல்லறுத்துச் செல்ல இசைவு தரப்பட்டது. இவ்வுண்மையை வெளிப்படுத்தியது, சாலிம் அலி வாழ்நாளெல்லாம் தொண்டாற்றிய அதே கழகம் என்பது கருதத்தக்கது. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய வி. எஸ். விஜயன், பிற்காலத்தில் கோயம்புத்தூரில் சாலிம் அலியின் பெயரால் அமைந்த பறவையியல் மையத்தின் முதல் இயக்குநரானார்.

எருமை எங்கும் நன்மையே செய்யும் என்று இதனால் கொள்ளற்க. நாரைக்கு நீரிடை மரம் வேண்டும். வாத்துக்கு வெளிநீர் வேண்டும்.

உங்கள் ஊர் ஏரியிலும் இதனைச் சோதிக்கலாம். நூறு பறவைகளில் அறுபது கோரைப்புல்லில் இருப்பதாகக் கொள்வோம். கோரையை அவை விரும்புகின்றன என உடனே எழுதிவிடாதீர்கள். ஏரியில் கோரை எவ்வளவு என்று முதலில் அளந்து பாருங்கள். அதுவும் நூற்றுக்கு அறுபதாயின் விருப்பம் ஏதும் புலப்படவில்லை; இருபதாயின் புலப்படுகிறது. அக்கணக்கையும் ஒரு நாளோடு நிறுத்தாமல், கோடையிலும் மாரியிலும் எடுங்கள்.