மதுவத்துக்குள் ஒரு கூட்டுவேலை
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பாணையும், கள்ளு விட்ட அப்பமாவையும் பொங்கவைக்கும் மதுவத்தை நாம் அறிவோம். அதன் டி.என்.ஏ.யில் ரி.வை.1 எனும் துண்டு, தன்னைப் பிரதிசெய்து வேறிடத்தில் புகுத்தும். 1985இல் ஜெரல்ட் ஃபிங்க் ஆய்வுகூடத்தார் அதனுள் ஓர் இன்ட்ரோனைச் செருகிப் பார்த்தார்கள். இடம்மாறிய பிரதிகளில் அது இல்லை. இன்ட்ரோன் அகற்றப்படுவது ஆர்.என்.ஏ. நிலையில்தான். ஆகவே பிரதி ஆர்.என்.ஏ. வழியாகவே போயிருக்கிறது.

இதற்கு மூன்று நொதியங்கள் வேண்டும். மூன்றும் ஒரே நீண்ட புரதச் சங்கிலியாகப் பிறக்கின்றன. புரோட்டியேஸ் சங்கிலியை வெட்டுகிறது. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ. எழுதுகிறது. இன்டிகிரேஸ் அதை நிறமூர்த்தத்தில் பொருத்துகிறது.

புத்தகத்தில் இவை தனித்தனிப் பெட்டிகள். ஆனால் ரி.வை.1இன் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸுக்கு இன்டிகிரேஸின் வால்பகுதியும் தேவை; அதை இணைத்துத் தயாரித்தபோதே ஆய்வுகூடத்தில் அது தொழிற்பட்டது. பொருத்தும் நொதியம் எழுதும் நொதியத்துக்கும் கைகொடுக்கிறது. இன்டிகிரேஸும் தனித்து இடம் தேடுவதில்லை. மதுவத்தின் ஆர்.என்.ஏ. பொலிமரேஸ் 3ஐப் பற்றிக்கொண்டு, டி.ஆர்.என்.ஏ. பரம்பரையலகுகளின் அருகே பிரதியைச் சேர்க்கிறது. அங்கே மதுவத்துக்குச் சேதம் குறைவு.

எச்.ஐ.வி.யிடமும் இதே மூவகை நொதியங்கள் உண்டு. இன்றைய மாத்திரைகள் அவற்றைத் தடுத்தே உயிர்காக்கின்றன.

உயிரியல் படிக்கும் தங்கைகளே, ஒரு நொதியத்தின் பெயரைப் பாடமாக்கும்போது, அதற்குப் பக்கத்தில் நிற்பது எது என்றும் கேளுங்கள். புதிய மருந்துக்கான வழி அந்தக் கேள்வியிலும் இருக்கலாம்.